ஒரு பிடி கோதுமை

கார்த்திகை பிறந்ததும், பாறசாலையில் என் பெரியம்மை வீட்டு அடுக்களையின் இருட்டு மூலைக்கு, வருஷத்தின் மற்றப் பதினொரு மாதமும் பரண்மேல் கவிழ்ந்துகிடக்கும் பீங்கான் பரணி இறங்கி வரும். கறுத்த திராட்சையும் சீனியும் கிராம்பும் கறுவாப்பட்டையும் கொதித்து ஆறிய நீரும் ஒன்றன்பின் ஒன்றாக அதனுள் சென்று சேர்ந்தபின், கடைசியாக, கோயிலில் காணிக்கை இடுபவளைப் போன்ற சிரத்தையோடு, பெரியம்மை ஒரு பிடி கோதுமையை எடுத்து, அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கி, அதன்மேல் தூவி, பரணியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டிவிடுவாள். கிறிஸ்துமஸுக்கு வைன் போடும் வீடுகளில் இந்தக் கோதுமைப் பிடி பெரும்பாலும் தவறுவதில்லை. அரிசிச் சோறே ஆகாரமாகவுள்ள ஊரில், திராட்சை ரசத்துக்குள் கோதுமைக்கு என்ன வேலை என்று, பள்ளிக்கூடத்தில் புதிதாக விஞ்ஞானம் படித்த மிடுக்கில் நான் ஒருமுறை கேட்டபோது அவள் சொன்ன பதில் இது: “அதுக்குத் திங்க வல்லதும் வேண்டாமா மக்களே? வெறும் சீனியத் தின்னு எந்த உசிரு கெடக்கும்?”

பூதக்கண்ணாடியைக் கண்ணால் காணாத ஒருத்தி, பரணிக்குள் ஓர் உயிர் இருக்கிறதென்றும், அதற்குப் பசிக்குமென்றும், இனிப்பு ஒன்றே அந்தப் பசிக்குப் போதாதென்றும் மூன்று உண்மைகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள் என்பது, பிற்காலத்தில் ஈஸ்டைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஐரோப்பாவின் பெரிய ரசாயன அறிஞர்கள் அந்த மூன்றையும் ஒப்புக்கொள்ளுவதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. கரும்பிலிருந்து பிறக்கும் மதுவகைகளின் வாசனை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நான் இந்தக் கோதுமைப் பிடியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், அந்த வாசனையின் பெரும்பங்கு கரும்பின் இனிப்பிலிருந்து வருவதன்று என்பதும், அந்த இனிப்போடு ஈஸ்டுக்கு வேறு என்ன ஆகாரம் கிடைத்தது, என்ன கிடைக்காமற் போயிற்று என்பதே அதைத் தீர்மானிக்கிறது என்பதுமாகும். சர்க்கரை ஈஸ்டுக்குச் சோறு. சோற்றோடு வைத்த குழம்பும் கூட்டும் எவை என்பதைப் பொறுத்தே அது விடும் மூச்சின் மணம் அமைகிறது.

1860ஆம் ஆண்டில் பாஸ்டர், தூய சர்க்கரைக் கரைசலில் அம்மோனியா உப்பு ஒன்றையும், ஈஸ்டை எரித்தெடுத்த சாம்பலையும் இட்டு, அதில் சிறிதளவு ஈஸ்டை விதைத்து, அது வளர்ந்து பெருகிச் சர்க்கரையைப் புளிக்கச் செய்ததைக் காட்டினார். ஈஸ்ட் ஓர் உயிர், அதற்கு நைட்ரஜனும் தாதுக்களும் வேண்டும் என்பது அவர் வாதம். புளித்தல் என்பது உயிரின் தொழிலன்று, அழுகும் பொருளின் அதிர்வு என்று சாதித்துவந்த ஜெர்மானிய ரசாயன அறிஞர் லீபிக் அந்தப் பரிசோதனையைத் தம்மால் திரும்பச் செய்ய இயலவில்லை என்றார். இருவரும் பொய் சொல்லுகிறவர்கள் அல்லர் என்பதால் வழக்கு நெடுநாள் தீராமல் கிடந்தது. 1901இல் பெல்ஜியத்தின் லூவேன் நகரில் வில்டியே என்பவர், விதைக்கும் ஈஸ்ட் அதிகமாயிருந்தால் அது வளர்வதையும், மிகச் சொற்பமாயிருந்தால் அதே கரைசலில் வளராமற் போவதையும் கண்டு, விதையோடு கூடவே வந்துசேரும் ஏதோவொரு நுண்பொருள் இன்றியமையாதது என்று ஊகித்து அதற்கு ‘பயாஸ்’ என்று பெயரிட்டார். அந்தப் ‘பயாஸ்’ ஒரே பொருளன்று, பல என்பது பிறகு தெரியவந்தது. அவற்றுள் ஒன்றான பயோட்டினை 1936இல் கேகலும் டோனிஸும் பிரித்தெடுக்க, 250 கிலோ உலர்ந்த முட்டைக் கருவிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே மேல். இன்று நாம் ‘பி’ வைட்டமின்கள் என்று சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. கோதுமைத் தவிட்டிலும் அந்தக் குடும்பத்தார் பலர் குடியிருக்கிறார்கள். முழுக் கோதுமை மணியைப் போட்டால் அவர்கள் வெளியே வர நாளாகும். பெரியம்மை நசுக்கிப் போட்டது அதனால்தானோ, அல்லது அவள் அம்மா நசுக்கிப் போட்டதனாலோ, அறியேன்.

பயிருக்கு வேண்டிய உரங்களைத் தமிழ் விவசாயிகள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவது எவ்வளவு அழகான பாகுபாடு என்பதை ஈஸ்டைப் பற்றிப் பேசும்போது நான் மறுபடியும் வியக்கிறேன். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகிய அதே மூன்றும் இந்த ஒற்றைச் செல் உயிருக்கும் வேண்டும். உலர்ந்த ஈஸ்டின் எடையில் ஏறக்குறையப் பாதி புரதம். புரதத்துக்கு நைட்ரஜன் மூலப்பொருள். ஆகவே தழைச்சத்து இன்றேல் புதிய செல் இல்லை. மணிச்சத்தின் பங்கு 1906இல் வெளிப்பட்டது: புளிக்கும் ஈஸ்ட் சாற்றில் பாஸ்பேட் சேர்த்தவுடன், தளர்ந்துபோன நுரை மீண்டும் பொங்கியதை ஹார்டனும் யங்கும் கண்டார்கள், சர்க்கரை உடைபடும் பாதையில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டும் கழன்றும் உழைக்கிறது என்ற அறிவு அங்கே தொடங்கி, ஹார்டனுக்கு 1929இல் நோபல் பரிசைத் தேடித்தந்தது. பொட்டாசியம், மக்னீசியம், துத்தநாகம் முதலியவற்றைக் கரும்பு தாராளமாகவே கொடுத்துவிடுவதால் அவற்றைக் குறித்து நான் இங்கே நிற்கப் போவதில்லை. கரும்பு கொடுக்கத் தயங்குவது தழைச்சத்தைத்தான். திராட்சை வைன் துறையில் வழங்கும் கணக்கு ஒன்று, லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள சாறு தடையின்றிப் புளித்து முடிய, ஈஸ்ட் உட்கொள்ளக்கூடிய வடிவில் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிகிராம் நைட்ரஜனாவது வேண்டும் என்கிறது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ சர்க்கரைக்கு ஒரு கிராம். சோற்றுக்கு உப்பைவிடக் குறைவு. ஆனால் அந்த ஒரு கிராம் இல்லாவிட்டால் பந்தி பாதியில் எழுந்துவிடும்.

உட்கொள்ளக்கூடிய வடிவில் என்று சொன்னது கவனிக்கத்தக்கது. நம் ஈஸ்டுக்குப் பற்கள் இல்லை. முழுப் புரதத்தை அதனால் கடித்துத் தின்ன முடியாது. அம்மோனியா, புரதம் உடைந்தபின் கிடைக்கும் அமினோ அமிலங்கள் போன்ற சிறிய பொருள்களை மாத்திரமே அது செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும்; அவற்றுள்ளும் அம்மோனியா, அஸ்பராஜின் போன்ற எளியவற்றை முதலில் உண்டு தீர்த்து, கடினமானவற்றைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கும்; புரோலின் என்ற அமினோ அமிலத்தைப் பிராணவாயு இல்லாத இடத்தில் தொடவே தொடாது. இலையில் அப்பளத்தை முதலில் முடித்துப் பாகற்காயைக் கடைசியில் ஓரமாக ஒதுக்கும் குழந்தையின் பழக்கத்திலிருந்து இது பெரிதும் வேறுபட்டதன்று. புதிதாகப் பிழிந்த கரும்புச்சாற்றின் அமினோ அமிலங்களுள் அஸ்பராஜின் முதன்மையானது என்பது ஈஸ்டின் அதிர்ஷ்டம். வயலுக்கு எவ்வளவு தழைச்சத்து இட்டோமோ அதற்கேற்பச் சாற்றிலும் அது கூடுகிறது என்பதால், உழவன் சாக்கை அவிழ்த்துத் தூவும் யூரியாவின் நிழல் கடைசியில் கண்ணாடிக் குப்பிக்குள்ளும் விழுகிறது.

இதைக் கண்ணால் காணவேண்டும் என்ற ஆசையில், பாலராமபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்திண்ணையில் மூன்று கண்ணாடிப் புட்டிகளை வைத்தேன். குடிப்பதற்கன்று; முடிவில் மூன்றும் தென்னை மூட்டில் ஊற்றப்படும் என்று வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தபின்பே அனுமதி கிடைத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் கிணற்றுநீர், கடுகளவு ரொட்டி ஈஸ்ட். முதலாவதில் 150 கிராம் வெள்ளைச் சீனி. இரண்டாவதில் அதே எடை கரும்பு வெல்லம். மூன்றாவதில் சீனியோடு ஒரு கரண்டி நசுக்கிய கோதுமை. வாய்களில் பலூன் மாட்டினேன். எங்கள் தெருவில் சாலியர்கள் பாவுக்குக் கஞ்சி தோய்த்து வெயிலில் நீளவிரித்துக் காயவைக்கும் பாவுணக்கு நடக்கும் காலைகளில், புளிக்கத் தொடங்கிய கஞ்சியின் மணம் திண்ணைவரை வரும். பாலராமவர்மா மகாராஜா காலத்தில் பாண்டிநாட்டிலிருந்து வந்து குடியேறிய அந்த நெசவாளர்களின் சந்ததியாரோடு பழகியதால், புளிப்பு மணங்களைத் தரம்பிரிக்கும் மூக்கு எனக்குக் கொஞ்சம் வாய்த்திருக்கிறது. மறுநாள் மாலையில் வெல்லப் புட்டியின் பலூன் நிமிர்ந்து நின்றது. கோதுமைப் புட்டியினது அரைகுறையாக எழுந்திருந்தது. சீனிப் புட்டியின் பலூன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, கூப்பிட்டால் எழுந்திருக்கலாமா என்று யோசிப்பதுபோல் தொங்கியது. நாலாம் நாள் மூன்றையும் முகர்ந்தேன். வெல்லத்தில் பழவாசனையும் ரொட்டிவாசனையும்; கோதுமையில் மெல்லிய ஆப்பமாவு வாசனை; சீனிப் புட்டியில், சந்தேகத்துக்கு இடமின்றி, கூமுட்டை நாற்றம்.

இந்த மூன்று வாசனைகளும் எவ்வாறு பிறந்தன என்பதை விளக்க, இந்தக் கட்டுரையில் நான் அதிகநேரம் தங்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். ஈஸ்ட் சர்க்கரையை உடைத்து ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் ஆக்குகிறது என்பது எல்லோரும் அறிந்தது. அந்த ஆல்கஹாலுக்கு, அதாவது எத்தனாலுக்கு, வாசனை மிகக் குறைவு. வடித்த மதுவில் மூக்கைத் தொடுபவை, எத்தனாலோடு சொற்ப அளவில் கலந்துவரும் அதன் மூத்த சகோதரர்கள்: ஐசோஅமைல் ஆல்கஹால், ஐசோபியூட்டனால், பினைல்எத்தனால் முதலியன. ஜெர்மானியர் இவற்றின் கலவைக்குப் பியூசல் எண்ணெய் என்று பெயர் வைத்தார்கள். ‘பியூசல்’ என்றால் அவர்கள் மொழியில் மட்டமான சாராயம். இவை சர்க்கரையின் சந்ததி என்று வெகுகாலம் நம்பப்பட்டது. பெர்லினில் சர்க்கரை ஆய்வில் ஈடுபட்டிருந்த பெலிக்ஸ் ஏர்லிக், பீட்ரூட் கழிவுப்பாகைத் துருவிக்கொண்டிருந்தபோது 1903இல் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தைக் கண்டெடுத்தார். அதன் கரிச்சட்டமும் பியூசல் எண்ணெயிலுள்ள ஓர் அமைல் ஆல்கஹாலின் சட்டமும் ஒன்றுபோலிருக்கின்றனவே என்ற ஒற்றுமை அவரை விடவில்லை. 1907இல் அவர் சொன்ன விளக்கம் இதுதான்: நைட்ரஜனுக்காகத் தவிக்கும் ஈஸ்ட் அமினோ அமிலத்தைப் பிடித்து, அதிலிருந்து தனக்கு வேண்டிய நைட்ரஜனை மட்டும் உருவிக்கொண்டு, மீந்த கரிச்சட்டத்தை ஆல்கஹாலாக மாற்றி வெளியே எறிந்துவிடுகிறது. இடைப்பட்ட படிகளை 1911இல் நியுபவரும் பிராம்ஹெர்சும் திருத்தியபோதிலும், அடிப்படை இன்றும் ஏர்லிக் பாதை என்ற பெயரிலேயே வழங்குகிறது.

பலாச்சுளையைத் தின்றவன் வெளியே எறியும் சக்கையைக் கொண்டு அவன் எந்த மரத்தில் ஏறினான் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோல, லூசினைத் தின்றால் ஐசோஅமைல் ஆல்கஹால். வாலினைத் தின்றால் ஐசோபியூட்டனால். பினைல்அலனினைத் தின்றால் பினைல்எத்தனால். கடைசியில் சொன்னது பன்னீரின் வாசனை. ரோஜா இதழிலும் அதே பொருள்தான் இருக்கிறது.

இதைக் கேட்டவுடன், அமினோ அமிலம் அதிகமானால் பியூசலும் அதிகமாகும் என்று நினைக்கத் தோன்றும். ஓரளவுவரை அதுவும் நடக்கிறது. ஆனால் கதையின் சுவாரஸ்யமே அதன் மறுபாதியில்தான் இருக்கிறது. அமினோ அமிலம் கிடைக்காத ஈஸ்ட் கைகட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. சர்க்கரையிலிருந்து தானே கரிச்சட்டங்களைச் செய்து, அவற்றின்மேல் நைட்ரஜனை ஏற்றி அமினோ அமிலமாக்க முயலுகிறது. சட்டம் தயார், ஏற்றவேண்டிய நைட்ரஜனோ இல்லை என்ற நிலையில், பாவு நூல் முழுவதும் தறியில் ஏற்றியபின் ஊடை நூல் தீர்ந்துபோன நெசவாளனைப்போல அது திகைக்கிறது. மிஞ்சிய சட்டங்கள் அதே பழைய வழியில் ஆல்கஹாலாகி வெளியேறுகின்றன. அதனால்தான் பட்டினி கிடந்த ஊறலில் பியூசல் மிகுந்து, வடித்த சாராயம் வார்னிஷைப்போலத் தொண்டையை அறுக்கிறது. போதிய தழைச்சத்து கொடுத்தால் பியூசல் இறங்குகிறது, எஸ்டர்கள் ஏறுகின்றன.

எஸ்டர் என்பது ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் கைகோத்தபின் பிறப்பது. அந்தக் கல்யாணத்தைச் செல்லுக்குள் நடத்திவைக்கும் நொதிகளுள் முக்கியமான ஒன்று, நைட்ரஜன் நிறைவாக இருக்கும்போது அதிகமாகத் தோன்றுவதும், பிராணவாயு மிகுந்தால் அடங்கிவிடுவதும் ஆய்வாளர் கண்டவை. வார்னிஷ் நாற்றமுள்ள ஐசோஅமைல் ஆல்கஹால் அசெட்டிக் அமிலத்தின் கூட்டுடன் இணைந்தால் ஐசோஅமைல் அசெட்டேட் ஆகிறது. அதன் வாசனை எங்கள் பக்கத்துக்காரர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது, ஏனெனில் நன்றாகக் கனிந்த ஏத்தன் குலை தொங்கும் கடைவாசலில் நம்மை நிறுத்துவது அதுவே. ஒரே கரிச்சட்டம், பட்டினியில் வார்னிஷ், நிறைவில் வாழைப்பழம். மதுவின் தரத்தைப் பற்றி எழுதியவர்களுள் பலர் மண்ணையும் மரப்பீப்பாயையும் போற்றும் அளவுக்கு இந்தப் பந்தி விஷயத்தைப் போற்றாதது எனக்கு எப்போதும் சற்று அநியாயமாகவே படுகிறது.

இனி, கரும்பு என்ற ஒரே செடியிலிருந்து வரும் மூன்று மூலப்பொருள்கள் ஏன் மூன்று வாசனைகளைத் தருகின்றன என்பது விளங்கும். பச்சைச் சாற்றில் கொஞ்சமாவது ஈஸ்டுக்கு எட்டும் தழைச்சத்து இருக்கிறது. சாற்றைக் காய்ச்சிக் காய்ச்சிக் கெட்டியாக்கும்போது, சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பழுப்பாகின்றன. 1912இல் மையார் விவரித்த இந்த வினையே வெல்லத்துக்கும் வறுத்த காப்பிக்கொட்டைக்கும் அந்த நிறத்தையும் மணத்தையும் தருவது. மனிதர்க்கு அது ருசி. ஈஸ்டுக்கோ அது பூட்டிய அலமாரி. சீனி ஆலையில் மூன்று முறை காய்ச்சிச் சீனியைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகில் சாம்பல்சத்தும் பயோட்டினும் செறிந்து கிடக்க, நைட்ரஜனின் பெரும்பகுதி ஈஸ்டுக்கு எட்டாத வடிவில் இருப்பது இதனால்தான். ஆகவே வடிசாலைகள் தொட்டிகளில் அம்மோனியம் சல்பேட், யூரியா, டிஏபி முதலியவற்றை அளந்து இடுகின்றன. எல்லாம் உரக்கடைச் சரக்கு. 1947இல் ஆலுவாவுக்கு அருகே உத்தியோகமண்டலில், விறகை எரித்து வாயுவாக்கி அம்மோனியம் சல்பேட் தயாரிக்கத் தொடங்கிய ஃபாக்ட் ஆலையின் மூட்டைகள் குட்டநாட்டு நெல்லுக்கு ஊட்டியதும், வடிசாலைத் தொட்டியில் ஈஸ்டுக்கு ஊட்டுவதும் ஒரே வெள்ளை உப்புத்தான்.

உரக்கடை தோன்றுமுன் மனிதர் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், பெரியம்மையின் உறவினர் உலகம் முழுவதும் இருப்பது தெரிகிறது. பிரேசில் நாட்டுப்புறத்தில் கரும்புச்சாற்றிலிருந்து கஷாசா வடிப்பவர்கள், சோளமாவும் அரிசித்தவிடும் புளிப்பு நாரத்தைச் சாறும் சேர்த்துப் பிசைந்த ஒரு கூழில் பல நாள் ஈஸ்டை வளர்த்து, அதன்பிறகே அதைச் சாற்றில் விடுகிறார்கள். இதைக் ‘காய்ப்பீரா’ புளிப்பு, அதாவது நாட்டுப்புறத்தான் புளிப்பு என்கிறார்கள். பட்டினியின் அடையாளமான பியூசல் மிகாதபடி அந்நாட்டுச் சட்டமும் 100 மில்லிலிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 360 மில்லிகிராம் என்று ஓர் எல்லை வகுத்திருக்கிறது. ஜாவாவில் பத்தேவிய அராக்கு செய்தவர்கள் கழிவுப்பாகோடு புளித்த அரிசிப் பண்டத்தைச் சேர்த்தார்கள். ஜமைக்காவில் வழக்கம் இன்னும் விநோதம். முந்தைய வடிப்பில் கொப்பரையின் அடியில் மிஞ்சிய கழுநீரை அவர்கள் ‘டண்டர்’ என்பர். செத்த ஈஸ்டு நிறைந்த அந்தக் கழுநீரைக் கொட்டாமல் அடுத்த ஊறலில் சேர்க்கிறார்கள். முன்னோர் உடலே பின்னோருக்கு ஆகாரம். அதோடு குழிகளில் பாக்டீரியாக்கள் நாட்கணக்கில் நொதித்து உண்டாக்கும் பியூட்டிரிக் அமிலமும் சேர, தனியே முகர்ந்தால் வாந்திவரும் அந்த அமிலம் எத்தனாலோடு இணைந்து கைதச்சக்கை, அதாவது அன்னாசி வாசனையாக மாறுகிறது. 1753இல் தோன்றிய ஹாம்ப்டன் தோட்டத்தில் வடிக்கும் மிக உக்கிரமான வகையில் எஸ்டர்கள், 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1600 கிராம் என்ற அந்நாட்டு உச்சவரம்பையே எட்டிப் பிடிக்கின்றன. அதை யாரும் அப்படியே குடிப்பதில்லை. பெருங்காயம்போலச் சிறிது சேர்ப்பார்கள்.

நம் நாட்டிலோ வெல்லத்தை ஊறவைத்தவர்கள் வேறொரு நுட்பத்தைக் கண்டிருந்தார்கள். வெள்வேல மரத்தின் பட்டையை ஊறலில் போடுவது தமிழ்நாட்டில் மிகப் பழைய வழக்கம். பட்டைச்சாராயம் என்ற பெயரே அதனால் வந்தது. வடக்கே அந்த மரத்துக்குச் ‘சராப் கீ கீக்கர்’, சாராய வேலம் என்று பெயர். அந்தப் பட்டையின் துவர்ப்பாகிய டானின், சாற்றிலுள்ள புரதப் பொருள்களைத் திரட்டி அடியில் படியவைக்கிறது என்று ஆங்கிலேயர் காலத்துத் தாவரநூல்களே குறித்திருக்கின்றன. தழைச்சத்தைப் பிடுங்கிவிட்டு ஈஸ்டை உழைக்கச் சொல்வது என்ன நியாயம் என்று தோன்றலாம். ஆனால் முழுப் புரதம் ஈஸ்டின் ஆகாரமே அன்று என்று மேலே பார்த்தோம். டானின் அதைக் கொண்டுபோனாலும் சிறிய அமினோ அமிலங்களில் பெரும்பங்கு கரைசலில் தங்கிவிடும். துவர்ப்பு பல பாக்டீரியாக்களுக்கு ஒத்துவராது என்பதையும் சேர்த்து எண்ணினால், விருந்தாளிக்கு வேண்டியதை இலையில் விட்டுவிட்டு, வேலி தாண்டி வரும் ஆட்டுக்கு வேண்டியதை மட்டும் அப்புறப்படுத்தும் உபாயம் அது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் எல்லைப்புறத்துக்குத் திரும்புவோம். பாறசாலையிலிருந்து களியக்காவிளை தாண்டிக் கிழக்கே போனால் வரும் தக்கலையில், திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஒரு காலத்தில் சர்க்கரை ஆலை இருந்தது. அதற்கப்பால் நாகர்கோயிலில் அரசாங்க வடிசாலை இருந்தது. அந்த ஆலையின் சொத்தையும், நாகர்கோயில் வடிசாலையையும், திருவனந்தபுரத்து அரசாங்க மருந்துச்சாறு நிலையத்தையும் ஒரே கம்பெனியாக்க, 1937 ஜூன் 18ஆம் தேதி திருவிதாங்கூர் அரசாங்கமும் பாரி கம்பெனியின் சார்பில் சர் வில்லியம் ரைட்டும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அப்படிப் பிறந்ததே திருவிதாங்கூர் சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ். 1956 நவம்பரில் தக்கலையும் நாகர்கோயிலும் தமிழ்நாட்டுக்கு வர, பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் தங்கிவிட்டது. கம்பெனி இன்று திருவல்லாவுக்கு அருகே புளிக்கீழில், கேரள அரசின் உடைமையாக, ‘ஜவான்’ ரம் தயாரிக்கிறது.

ஆனால் அந்த ரம்மில் நான் இதுவரை சொன்ன வாசனைக் கதை எதையும் தேடுவது வீண். வெளியிலிருந்து வாங்கும் ஸ்பிரிட்டைக் கலந்து, நிறமேற்றி, புட்டியில் அடைப்பதே அங்கே நடக்கும் வேலை. இந்தியாவில் மலிவாக விற்கும் ரம் பெரும்பாலும் இவ்வகையே. உயர்ந்த தூண் வடிகலங்களில் 96 சதவிகிதம் வரை வடித்தெடுக்கும்போது, பியூசலைப் பக்கவழியில் பிரித்தெடுத்து, எஸ்டர்களையும் விலக்கி, ஈஸ்ட் உண்ட உணவின் அடையாளமே இல்லாமல் துடைத்துவிடுகிறார்கள். அதன்பின் வாசனைக்கும் நிறத்துக்கும் கருக்கிய சர்க்கரையையும் கூட்டுகளையும் சேர்க்கிறார்கள். பாயசத்தை வடிகட்டி வெந்நீராக்கியபின் ஏலக்காய் எசன்ஸை விடுவது போன்ற காரியம். வெல்லத்தையே ஊறவைத்து வடித்த ஸ்பிரிட்டை ஜமைக்கா முதலிய தீவுகளின் ரம்மோடு கலந்து பெங்களூரின் அம்ருத் வடிசாலை ‘டூ இண்டீஸ்’ என்ற பெயரில் விற்பது போன்ற முயற்சிகள் அண்மைக்காலத்தவை.

தழைச்சத்து நல்லதென்றால் இன்னும் அதிகம் போட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கள்ளச்சாராய ஊறலில், எல்லைக்கு மேற்கே ‘கோட’ என்று சொல்வதில், யூரியாவைக் கைநிறைய அள்ளிப்போடும் வழக்கம் அந்த அறியாமையால் வருவது. ஈஸ்ட் உண்ணாமல் மிஞ்சும் யூரியா எத்தனாலோடு வினைபுரிந்து எத்தில் கார்பமேட் ஆகிறது; புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பட்டியலிட்ட பொருள்களுள் அதுவும் ஒன்று. இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே தீர்த்துவிடவேண்டும்: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டது மெத்தனாலால், அது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று செய்யும் பொருளன்று, மனிதன் கொண்டுவந்து கலப்பது. அந்தப் பழியை இந்தச் சிறிய உயிரின் தலையில் போடக்கூடாது.

சீனிப் புட்டியின் கூமுட்டை நாற்றத்தைப் பாதியில் விட்டுவந்தேன். கிணற்றுநீரில் கரைந்துள்ள சல்பேட்டிலிருந்து ஈஸ்ட் கந்தகத்தை எடுத்து, கந்தகமுள்ள அமினோ அமிலங்களைச் செய்ய முற்படும். கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாகக் குறைத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஏற்றவேண்டிய சட்டத்தைத் தேடும்போது, நைட்ரஜன் இல்லாமல் அந்தச் சட்டமே அமைந்திருக்காது. கைச்சரக்கு காற்றில் போய்விடும். பசித்த ஈஸ்டின் ஏப்பம் அது. பழைய வடிசாலைக்காரர்கள் இந்த நாற்றத்துக்குச் செம்புக் கொப்பரையை நம்பினார்கள், ஏனெனில் செம்பு சல்பைடைப் பற்றிக்கொண்டு கறுப்புப் படலமாக்கித் தன்மேல் இருத்திவிடும். என்னிடம் செம்புக் கொப்பரை ஏது? பாறசாலைக்குப் போனபோது, பதினாறு சேர்ந்தால் ஒரு சக்கரம் என்று பெறுமதியுள்ள திருவிதாங்கூர்ச் செப்புக் காசு ஒன்றைப் பெரியம்மையின் முறுக்கான்பெட்டியிலிருந்து கேட்டு வாங்கிவந்து, கழுவி, சீனிப் புட்டிக்குள் போட்டுக் குலுக்கினேன். அன்று இரவே நாற்றம் பாதியாகக் குறைந்தது. மறுநாள் காலையில் முட்டையைக் காணோம். ஊறலைத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டுக் காசை எடுத்துப் பார்த்தால், சங்கு முத்திரை கண்ணுக்குத் தெரியாதபடி கறுத்துப்போயிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்தபோது, பெரியம்மை அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்தக் கரிக்கடையில கொண்டு போட்ட மக்களே?” என்று கேட்டபடி, ஒரு துண்டுப் புளியை எடுத்து அதைத் தேய்க்கத் தொடங்கினாள்.